குட்டி போட்ட கறுப்புப் பொடி

எங்கள் முதலாளிக்கு இரண்டு வார்த்தைகள் காதில் விழுந்தால் கண் கலங்கிவிடும். ஒன்று ‘இலவசம்’, இன்னொன்று ‘திரும்பத் திரும்ப’. எங்களைப் பார்க்க வந்த ஒரு கல்லூரிப் பேராசிரியர் அன்றைக்கு இரண்டாவதைச் சொன்னார். அதோடு எங்கள் தொழிற்சாலையின் தலையெழுத்து மாறிவிட்டது.

நான் அந்தச் சாயத் தொழிற்சாலையில் கழிவுநீர்ப் பிரிவின் கெமிஸ்ட். பிரிவு என்றால் ஏதோ பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு சின்ன லேப், ஒரு தராசு, ஈரத்தை உலர்த்த ஒரு ஓவன், ஜன்னலுக்கு வெளியே ஒரு பெரிய இரும்புத் தொட்டி, அவ்வளவுதான். துணிக்குச் சாயம் போட்டு மிஞ்சுகிற தண்ணீர் காலையில் சிவப்பாகவும் மதியம் நீலமாகவும் என்னிடம் வந்து சேரும். அதைச் சுத்தமாக்கி வாய்க்காலில் விட வேண்டும் என்பது விதி. சுத்தமாக்கியதாக எழுத வேண்டும் என்பது வழக்கம்.

பேராசிரியர் ஒரு கண்ணாடி ஜாடியோடு வந்திருந்தார். எங்கள் சிவப்புத் தண்ணீரை அதில் ஊற்றினார். கொஞ்சம் அமிலம், கொஞ்சம் பெராக்சைடு, அப்புறம் ஒரு சிட்டிகை கறுப்புப் பொடி. இரும்பு ஆக்சைடின் நானோ துகள்களாம். ஒரு மயிரிழையின் அகலத்தில் ஆயிரக்கணக்கில் நிற்குமாம். முக்கால் மணி நேரத்தில் ஜாடித் தண்ணீர் குடத்துத் தண்ணீர் போலத் தெளிந்துவிட்டது.

"பெராக்சைடு சாயத்தைப் பொசுக்கும். பவுடர் அதைத் தூண்டிவிடும், அவ்வளவுதான். தான் தீராது" என்றார் பேராசிரியர். கல்யாணத் தரகர் வேலைதான். இரண்டு பேரை மோதவிட்டுத் தான் மட்டும் சேதாரமில்லாமல் வெளியே வந்துவிடும்.

பிறகு பிஸ்கட் அளவு காந்தம் ஒன்றை ஜாடியின் பக்கத்தில் வைத்தார். பொடி முழுக்க ஓடிவந்து அங்கே அப்பிக்கொண்டது. "பாருங்க, திரும்ப எடுத்தாச்சு. கழுவிட்டு நாளைக்கும் இதையே போடலாம். திரும்பத் திரும்ப."

முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்ப ஒரு தடவை வாங்கினா போதுமா சார்?"

"தத்துவப்படி, ஆமா."

தத்துவப்படி என்ற வார்த்தை முதலாளியின் காதுக்குள் நுழையாமல் வெளியிலேயே நின்றுவிட்டது.

அந்த அறையில் நான்கு பேர் இருந்தோம். நான்காவது ஆள் எங்கள் ஃபிட்டர். குழாய், வால்வு, தொட்டி எல்லாம் அவர் பொறுப்பு. என் அக்காவின் கணவரும் அவர்தான். எனக்கு அத்தான், தொழிற்சாலையில் ‘சார்’. அவர் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டார்: "அமிலம் ஊத்தப் போறோம். நம்ம தொட்டி வெறும் இரும்பு. உள்ளே அந்தக் காலத்துப் பச்சைப் பெயின்ட்டுதான். ரப்பர் பூச்சாவது கொடுக்க வேண்டாமா சார்?"

பேராசிரியர் சிரித்தார். "எட்டு வருஷமா பண்றேன். என் லேப்ல தொட்டி ஒரு தடவைகூட அரிச்சதில்லை."

அவர் லேப்பில் தொட்டி என்பது கண்ணாடி பீக்கர். அதைச் சொல்லலாமா என்று அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சின்ன வயதிலேயே படித்திருந்தேன். ஆனால் என் வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது.

வேலை ஆரம்பித்தது. காலையில் பொடியை எடை போட்டுத் தொட்டியில் கொட்டுவோம். சாயங்காலம் பெரிய காந்த உருளையில் ஒட்டியதைச் சுரண்டி, கழுவி, உலர்த்தி, மறுபடி எடை போடுவோம். போட்டதில் எத்தனை சதவீதம் திரும்பி வந்தது என்று நான் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பத்திக்கு ‘மீட்பு’ என்று பெயர்.

முதல் வாரம் தொண்ணூற்றிரண்டு சதவீதம்.

நல்ல எண்தான். தண்ணீர் ஓடுகிற வேகத்தில் கொஞ்சம் பொடி காந்தத்துக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு வாய்க்காலுக்குப் போய்விடும். இதை நான் விளக்கினேன். முதலாளி கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டார். "மீதி எட்டு எங்கே?"

"தண்ணியோட போகுது சார்."

"பேராசிரியர் ஜாடியில போகலையே? தீராத பவுடர் எப்படிம்மா குறையும்? எவனோ எடுக்கிறான்."

அந்தப் பொடியைத் திருடி ஒருவன் என்ன செய்வான்? வீட்டுக்கு எடுத்துப் போய்த் தலைக்கு மை போடுவானா? கேட்கத்தான் நினைத்தேன். மறுநாள் காலை வாசலில் புது விதி வந்திருந்தது. வேலை முடிந்து போகிற எல்லாரையும் வாட்ச்மேன் காந்தத்தால் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும்.

வாட்ச்மேன் தன் வீட்டுப் பழைய ஒலிபெருக்கியை உடைத்து அதன் காந்தத்தைக் கொண்டுவந்திருந்தார். பதவி உயர்வு கிடைத்த தோரணை. முதல் நாளே பெல்ட் பக்கிள், சாவிக்கொத்து, சாப்பாட்டுத் தூக்கு, கொண்டை ஊசி எல்லாம் பிடிபட்டன. டீ போடுகிற அம்மாவின் சேஃப்டி பின் காந்தத்தில் போய் ஒட்ட, அந்த அம்மா விட்ட வசவில் வாட்ச்மேன் மூன்று நாள் பெண்கள் பக்கமே வரவில்லை.

ஐந்தாம் நாள் அத்தானின் முறை வந்தது. காலையிலிருந்து குழாய்க்கு மரை வெட்டி, அரம் போட்டு ராவிக்கொண்டிருந்த மனுஷன். வாட்ச்மேன் அவர் சட்டைப் பையருகே காந்தத்தைக் கொண்டு போனதுதான் தாமதம், காந்தத்துக்கு ஒரு கறுப்புத் தாடி முளைத்துவிட்டது.

"பிடிச்சுட்டேன்!" என்று வாட்ச்மேன் போட்ட கூச்சலில் தொழிற்சாலையே கூடிவிட்டது.

"அது அரத்தூள்யா. இரும்பை ராவினா இரும்புத்தூள்தான் வரும், பின்னே சந்தனமா வரும்?" என்றார் அத்தான்.

முதலாளி என்னைக் கூப்பிட்டார். அந்தக் காந்தம் என் மேஜைக்கு வந்தது. வெறும் கண்ணுக்கே தெரிந்தது, அது சுருள் சுருளான அரத்தூள். எங்கள் பொடியோ மாவு மாதிரி இருக்கும்.

"சோதிச்சுப் பார்த்துச் சொல்றேன் சார்" என்றேன், எனக்கே கேட்காத குரலில்.

"என்னத்தைச் சோதிக்கிறது? காந்தத்துல ஒட்டுச்சா இல்லையா?"

"ஒட்டுச்சு."

"அதை எழுதும்மா. அது போதும்."

எழுதினேன். ‘சட்டைப் பையிலிருந்த கறுப்புத் தூள் காந்தத்தில் ஒட்டியது.’ கீழே கையெழுத்து. நான் எழுதியதில் ஒரு பொய் கிடையாது. இத்தனை வருடத்தில் நான் எழுதிய மிக மோசமான வாக்கியமும் அதுதான்.

மறுநாள் வாசல் கண்ணாடிப் பலகையில் நோட்டீஸ் தொங்கியது. தொழிற்சாலையின் விலையுயர்ந்த பொடியைத் திருடியதற்காக ஃபிட்டர் பணிநீக்கம், சாட்சி கெமிஸ்ட். சாய முதலாளிகளுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. நோட்டீஸின் படம் மதியத்துக்குள் அதில் சுற்றி முடித்திருந்தது. இருபது வருடம் குழாயோடு வாழ்ந்தவருக்கு அதன் பிறகு ஒரு கேட்கூடத் திறக்கவில்லை. எங்கே போனாலும் போனை எடுத்துப் படத்தைக் காட்டி, "இது நீங்கதானே?" என்றார்கள்.

இதில் இன்னொரு சிக்கல், நான் குடியிருப்பதே அக்கா வீட்டில்தான். மாடியில் எனக்கு ஓர் அறை. சாப்பாடு அக்கா கையால்.

அன்றைக்குத் தட்டு என் முன்னால் வைக்கப்படவில்லை, விழுந்தது.

"உண்ட வீட்டுக்கே ரெண்டகம் பண்ணிட்டியேடி" என்றாள் அக்கா.

"நான் திருடினார்னு எழுதலை அக்கா. ஒட்டுச்சுன்னுதான்..."

"ஆமா, நீ நெருப்பு வைக்கலை. தீப்பெட்டியைத்தான் கொடுத்தே."

அத்தான் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் ஒரு வார்த்தை பேசி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன். அவர் பாட்டுக்குத் தன் கருவிப் பையைத் திறந்து ஸ்பேனர்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். வேலை இல்லாத நாளிலும் தினமும் போடுவார். அதைப் பார்க்க மாட்டாமல் சாப்பிட்டுவிட்டு மாடிக்கு ஓடிவிடுவேன்.

இனிமேல்தான் கூத்து.

அத்தான் போன மறுவாரம் மீட்பு தொண்ணூற்றேழு. அடுத்த வாரம் நூறு. முதலாளி பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை முழுக்கச் சுற்றினார். "பார்த்தீங்களா? திருடன் வெளியே போனான், கணக்கு உள்ளே வந்துடுச்சு!" காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் பழம் விழுந்தது என்னவோ அத்தான் தலையில். நேற்றுவரை அவருக்காகப் பரிதாபப்பட்டவர்கள்கூட, "ஒருவேளை எடுத்திருப்பாரோ?" என்று என்னிடமே கேட்டார்கள்.

அதற்கடுத்த வாரம் நூற்று ஆறு.

நான் தராசைச் சரிபார்த்தேன். தராசு சரி. மறுபடி உலர்த்தினேன். நூற்று ஆறேதான். போட்டதை விட அதிகமாக எடுக்கிறோம். நூற்றுக்குக் கீழே போனால் திருட்டு, மேலே போனால் என்ன? முதலாளி உடனே பேராசிரியருக்குப் போன் போட்டார்.

பேராசிரியர் ஓடோடி வந்தார். காந்த உருளையில் ஒட்டியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். கறுப்புக்கு நடுவே பச்சைப் பச்சையாகப் புள்ளிகள். அவர் முகம் ஜொலித்தது. "துகள் தானாவே வளருது! இந்தப் பச்சை, இது ஒரு புது நிலை. இதுவரைக்கும் யாரும் பார்க்காதது!"

"வளருதுன்னா?" என்றார் முதலாளி.

"தன்னைத் தானே உற்பத்தி பண்ணிக்குது."

"குட்டி போடுதுங்கிறீங்க!"

"ஒரு விதத்துல... ஆமா."

அன்றிலிருந்து முதலாளி தினமும் சாயங்காலம் லேப்புக்கு வந்து, மாட்டுத் தொழுவத்தை எட்டிப் பார்க்கிற பாசத்தோடு கேட்பார்: "இன்னைக்கு எத்தனை குட்டிம்மா?" நூற்று ஒன்பது. நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பதினான்கு. உபரிப் பொடியைப் பாட்டிலில் அடைத்து ரிப்பன் கட்டி மற்ற முதலாளிகளுக்குப் பரிசாக அனுப்பினார். பேராசிரியர் வெளிநாட்டுக் கருத்தரங்கில் பேசப் பெயர் கொடுத்துவிட்டார்.

எனக்கு மட்டும் அந்தப் பச்சை உறுத்தியது. அதை எங்கோ பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன். தொட்டியின் உள்விளிம்பில், தண்ணீர் எட்டாத இடத்தில், அதே பச்சை. அந்தக் காலத்துப் பெயின்ட்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் நேரே அத்தானிடம் போனேன். அவரிடம் நான் பேசி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"அத்தான், ஒரு துருப்பிடிச்ச போல்ட்டு வேணும்."

"எதுக்கு? அதையும் நான்தான் திருடினேன்னு எழுதவா?"

எனக்கு அது வேண்டியதுதான். அத்தானே பையில் கைவிட்டு ஒன்றை எடுத்துத் துணியால் துடைக்கப் போனார்.

"துடைக்காதீங்க. துருவோடயே கொடுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "தொட்டியை யாராவது தட்டிப் பார்க்கிறாங்களா?" என்றார். வாரா வாரம் சுத்தியலால் தொட்டியைத் தட்டிக் காது வைத்துக் கேட்பது அவர் வழக்கம். அவர் போன பிறகு யாரும் தட்டவில்லை என்றேன். "கடைசியா தட்டினப்பவே சத்தம் மாறியிருந்தது" என்றார்.

மறுநாள் லேப்பில் ஒரு பீக்கர் சிவப்புத் தண்ணீரில் அமிலமும் பெராக்சைடும் ஊற்றி, நானோ பொடிக்குப் பதில் அந்தப் போல்ட்டைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்தது. போல்ட்டும் கொஞ்சம் இளைத்திருந்தது. கதை இவ்வளவுதான். அமிலம் தொட்டியைத் தின்கிறது. கரைந்த இரும்பு பெராக்சைடைத் தூண்டிச் சாயத்தைப் பொசுக்குகிறது. கரையாமல் பெயின்ட்டோடு உதிர்ந்த இரும்புச் செதில் காந்தத்தில் ஏறி ‘மீட்பு’ ஆகிறது. பொடி குட்டி போடவில்லை. தொட்டி செத்துக்கொண்டிருந்தது.

போல்ட்டையும் பீக்கரையும் எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்குப் போனேன். இந்தத் தடவை என் குரல் எனக்கே கேட்டது. பேராசிரியரும் அங்கே இருந்தார். முழுவதும் கேட்டுவிட்டு அன்பாகச் சொன்னார்: "போல்ட்டு நானோ இல்லையேம்மா. இந்தப் பரிசோதனை செல்லாது."

"தொட்டி ஓட்டையாயிடும் சார்" என்றேன் முதலாளியிடம்.

"வியாழக்கிழமை பார்வையாளர்கள் வராங்க. அதிகாரிங்க, மத்த முதலாளிங்க எல்லாரும். நூத்திப் பதினாலைக் காட்டப் போறேன். இந்த நேரத்துல போல்ட்டைத் தூக்கிட்டு வர்றியே! அத்தானைக் காப்பாத்தணும்னு இப்படிக் கிளம்பிட்டியா?"

நான் திரும்பி வந்துவிட்டேன். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இங்கே புளுகியவர்கள் கெட்டிக்காரர்களும் இல்லை. ஐந்து நாள்தான் தாங்கியது.

வியாழக்கிழமை காலை பதினோரு மணி. வரவேற்பறையில் வெள்ளை சோபா, வெள்ளைத் திரை, முதலாளி வெள்ளைச் சட்டை, வெள்ளை பேன்ட். பேராசிரியர் திரையில் நூற்றுப் பதினான்கைக் காட்டி, "ஒரு தாய்த் துகள்..." என்று தொடங்கினார். வெளியே தகரத்தைக் கிழித்தது போல ஒரு சத்தம். தொட்டியின் அடித்தகடு வாயைப் பிளந்துவிட்டது.

அரிக்கிற தண்ணீர் முதல் ஐந்து நிமிடத்தில் சாக்கடைக்குள் இறங்கிவிட்டது. ஆனால் மேட்டில் இருக்கிற கழிவுநீர்க் கிடங்கிலிருந்து தொட்டிக்கு வருகிற குழாய் நிற்கவில்லை. அன்றைய சாயம் அடர் ரோஜா நிறம். அது முற்றத்தைக் கடந்து, படியேறி, வரவேற்பறைக்குள் சாவகாசமாக நுழைந்தது. பார்வையாளர்கள் சோபா மேல் ஏறினார்கள். முதலாளியின் பேன்ட் முழங்கால் வரைக்கும் ரோஜாவாகிவிட்டது.

"வால்வை மூடுங்கடா!"

யார் மூடுவது? அந்த வால்வின் கைப்பிடி உடைந்து இரண்டு வருடம். புதிது வேண்டுமென்று அத்தான் மூன்று முறை எழுதிக் கொடுத்திருந்தார். வால்வின் தண்டை அவருடைய பெரிய ரெஞ்சால்தான் திருப்ப முடியும். ரெஞ்சு அவர் பையில். பை எங்கள் வீட்டில்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். "போனை அவர்கிட்ட கொடுக்கிறேன்" என்றாள் அக்கா.

பத்தே நிமிடத்தில் அத்தான் சைக்கிளில் வந்தார். பையோடு கேட் வரை வந்தவர், உள்ளே வராமல் நின்றுவிட்டார். பையைத் தரையில் வைத்தார். இரண்டு கையையும் தூக்கினார்.

"சோதனை போடுங்க" என்றார் வாட்ச்மேனிடம்.

"அண்ணே, உள்ள வாங்கண்ணே. வெள்ளமா வருது!"

"விதின்னா விதிதான். காந்தத்தை எடு."

வாட்ச்மேன் தயங்கிக்கொண்டே எடுத்தார். பையருகே கொண்டு போனதும் டங்கென்று ரெஞ்சு ஒட்டிக்கொண்டது. "ஒண்ணு" என்றார் அத்தான். "எழுதிக்க." ஸ்பேனர், சுத்தியல், அரம். ஒவ்வொன்றும் எடுத்து, ஒட்டவைத்து, எண்ணப்பட்டது. முதலாளி ரோஜாத் தண்ணீரை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவர் பின்னால் பார்வையாளர்களும் வந்தார்கள்.

"யோவ், உள்ள வாய்யா! என்ன விளையாட்டு இது?"

"எல்லாம் ஒட்டுது சார். ஒட்டினா திருடன்னு உங்க பலகையிலயே போட்டிருக்கே. திருடனை எப்படி உள்ளே விடுவீங்க?"

முதலாளி கண்ணாடிப் பலகையைத் திறந்து நோட்டீஸைக் கிழித்தார். "போதுமா?"

"கிழிச்சா எப்படி சார்? ஊரெல்லாம் எழுத்துல போச்சு. எழுத்துலயே திரும்பி வரட்டும்." அத்தான் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. "காகிதம் இருக்காம்மா? அன்னைக்கு ‘ஒட்டியது’ன்னு எழுதினே இல்ல? அதுக்கு அடுத்த வரி ஒண்ணு இருந்துச்சு. அதை எழுது."

எழுதினேன். ‘ஒட்டியது குழாய் ராவிய அரத்தூள். தொழிற்சாலையின் பொடி அல்ல. இவர் எதையும் திருடவில்லை.’ கையெழுத்துப் போட்டேன். முதலாளியும் போட்டார், ரோஜாத் தண்ணீரில் நின்றபடி, மற்ற முதலாளிகள் எட்டிப் பார்க்க. அவர்களில் ஒருவர் போனை எடுத்து அதையும் படம் பிடித்தார்.

அத்தான் உள்ளே போய் ரெஞ்சை மாட்டி நான்கு சுற்றுச் சுற்றினார். தண்ணீர் நின்றது. பிறகு பிளந்த தொட்டியின் அடியில் குனிந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு தகட்டுத் துண்டைக் கையாலேயே பிய்த்து எடுத்தார். காகிதக் கனம்தான் இருந்தது. ஒரு பக்கம் கொஞ்சம் பச்சை. அதைக் கொண்டுவந்து முதலாளி கையில் வைத்தார்.

"இந்தாங்க சார். குட்டி போட்ட தாய் இதுதான். பிரசவத்துல போயிடுச்சு."

பேராசிரியர் தகட்டை ஒரு கணம் பார்த்தார். பிறகு திரையை மடிக்கப் போய்விட்டார்.

"நாளையிலிருந்து வேலைக்கு வந்துடு" என்றார் முதலாளி.

"யோசிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு அத்தான் சைக்கிளை எடுத்தார். போகும்போதும் கேட்டில் நின்று கையைத் தூக்கினார். வாட்ச்மேன் காந்தத்தைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில், அந்தக் காகிதத்தை அக்கா இரண்டு தரம் படித்தாள். மடித்து அலமாரியில் வைத்தாள். எனக்குத் தட்டு வைத்தாள். சத்தமில்லாமல்தான் வைத்தாள். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

"இதை எழுத எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டாள்.

"ரெண்டு நிமிஷம் இருக்கும்."

"அன்னைக்கு உனக்கு அந்த ரெண்டு நிமிஷம் இல்லையா?"

இருந்தது. அன்றைக்கு மேஜை முன்னால் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பரிமாறியதைத் தலை நிமிராமல் சாப்பிட்டேன்.